வுடு

சதுரங்கப்பட்டினத்து ஹமீது இதை ஐந்தாறு பேருக்கு மேல் சொன்னதில்லை. சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னான். நேரம்கூட மாறவில்லை. அவன் பட்டறைத் தூணில் ஒரு கடிகாரம் தொங்கியது. எந்த வேலையைக் கையில் எடுத்தாலும் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வான். நம்பக் கஷ்டமாக இருந்தால் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது.

1956. மே மாதம். பட்டப்பகல்.

ஹமீது மெக்கானிக். கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டி ஓலைக் கொட்டகை, அதுதான் பட்டறை. பின்னால் வீடு. வீட்டுக்குள் அவன் மனைவி லத்தீஃபா முந்தின நாளிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். தலைப்பிரசவம்.

காலை பத்தே காலுக்கு மருத்துவச்சி காசியம்மாள் வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ள குறுக்கால கீது பாய். என் கைக்கு அடங்காது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"எப்போக்குள்ள?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டா."

செங்கல்பட்டு பதினெட்டு மைல். காலை பஸ் போய்விட்டது. அடுத்தது இருட்டிய பிறகு. மாட்டு வண்டி என்றால் ஆறு மணி நேரம், குலுங்கிக் குலுங்கி. கைக்கெட்டிய தூரத்தில் ஒரே கார்தான். அது ஹமீதின் கொட்டகையில் நின்றது. உப்பளக் காண்டிராக்டர் கோதண்டராமன் போன வருஷம் வாங்கிய பழைய கறுப்புக் கார். தண்ணீர் பம்ப் இறுகிப்போய் இரண்டு நாளாகக் கிடந்தது. புதுப் பம்ப் மதராஸிலிருந்து வந்து, காகிதம் பிரிக்காமல் பலகைமேல் இருந்தது.

பம்ப் சுற்றாவிட்டால் என்ஜின் கொதித்து நாலாவது மைலில் நின்றுவிடும். பழையதைக் கழற்ற வேண்டும். நான்கு போல்ட்டு. அவ்வளவுதான்.

பத்தரைக்குத் தொடங்கினான்.

முன்னாலிருந்த ரேடியேட்டரை இறக்கினான். முதல் போல்ட்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ஸ்பானரை வைத்து அழுத்தினான்.

டிக்.

போல்ட்டின் தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது. நாலாவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றினான். ஊறவிட்டான். மெதுவாகத் திருகினான்.

டிக்.

இரண்டு போல்ட்டின் உடம்பும் உள்ளேயே நின்றுவிட்டது. உப்புக்காற்று தின்ற இரும்பு. துரு பசையாகி பம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. மரச்சுத்தியால் தட்டினான். அசையவில்லை.

காசியம்மாள் வெந்நீருக்காக வந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னா பாய். உள்ள ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டுமே வெளிய வரமாட்டேங்குது."

"பேஜாரு பண்ணாத காசியம்மா."

"நான் பண்றனா? சீக்கிரம் கயட்டு."

உள்ளே லத்தீஃபா ஒரு தடவை அலறினாள். அதன் பிறகு முனகல்தான். அலறலைவிட அதுதான் பயமாக இருந்தது.

11:50. ஒற்றை ஆளாக முடியாது என்று தெரிந்துவிட்டது. கம்பி கொடுத்து நெம்பினால் என்ஜின் விரிசல் விடும். ஒருவன் பம்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் பக்கவாட்டில் தட்ட வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்கு உப்பு லாரி டிரைவர் ஏசுதாஸ் வருவான். காலையிலேயே அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தான்.

12:05. காருக்கு அந்தப் பக்கம் மணல் நெரியும் சத்தம் கேட்டது.

அந்தக் காலத்துக் கார். என்ஜின் மூடி நடுவில் கீல் வைத்தது, இரண்டு பக்கமும் இறக்கைபோலத் தூக்கலாம். தூக்கி நிறுத்தினால் நடுவே சுவர் மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் நிற்பவனின் முகம் தெரியாது.

கை தெரிந்தது. ஒரே கை. வலது.

"ஏசு, வந்தியா? நல்லா இழுத்துப் புடி. நான் தட்டறேன். நீ சொல்லு."

விரல்கள் பம்பைச் சுற்றி இறுகின.

"வுடு."

பட்டறையில் வுடு என்றால் அடி. ஒன்று போடு. ஹமீது ஒன்று போட்டான்.

ணங்.

அப்போதுதான் கவனித்தான். கை நனைந்திருந்தது. மணிக்கட்டு வரைக்கும். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. வெளியே மணல் காலைச் சுடும் வெயில்... ஆஸ்பத்திரி மருந்து வாடை வேறு. வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்தான்.

"கடல்ல எறங்கிட்டு வந்தியா இன்னா?"

"வுடு."

குரல் ஏசுதாஸ் குரல்தானா? தொண்டை கட்டினால் இப்படி இருக்கும். ஹமீது அடித்தான்.

ணங்.

பம்ப் ஒரு நூலளவு அசைந்தது.

விரல்கள் வெளுத்திருந்தன. நகங்கள் நீலம். அவன் கை தற்செயலாக அந்தக் கையில் பட்டது. கிணற்றுக் கல்போலச் சில்லிட்டது.

"ஏசு..."

"வுடு... வுடு..."

அது வேலை செய்கிறவன் குரல் இல்லை. ஹமீதுக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே முனகல் நின்றிருந்தது. ஒன்றுமே கேட்கவில்லை.

ஓங்கி அடித்தான்.

மளுக்.

இரும்பு அப்படி ஒலிக்காது.

பம்ப் மணலில் விழுந்தது.

கை இல்லை.

சுற்றிக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மணலில் தட்டளவு ஈரம். கால் தடம்...

ஒன்றுகூட இல்லை.

குனிந்து பம்பை எடுத்தான். உடைந்த போல்ட்டு இரண்டும் அதோடு சேர்ந்து வந்திருந்தன. திருகிக் கழற்றியதுபோல. புரியில் ஒரு கீறல் இல்லை.

12:20.

வீட்டுக்குள் மறுபடி முனகல் கேட்டது. உயிர் இருக்கிறது. அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை. புதுப் பம்பைப் பூட்டினான். ரேடியேட்டரை ஏற்றினான். தண்ணீர் ஊற்றினான். என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் செருகிச் சுழற்றினான். இரண்டே காலுக்குக் கிளம்பினார்கள்.

பின் சீட்டில் லத்தீஃபா. பல் கிட்டாமலிருக்க வாயில் துணிச்சுருள். காசியம்மாள் அவள் காலடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வுடு."

வண்டியில் வுடு என்றால் வேகமாக ஓட்டு. ஹமீது மிதித்தான்.

"வுடு... வுடு..."

"வுட்டுகினுதானே கீறேன்!" என்று கத்தினான்.

3:10. ஆஸ்பத்திரி. லத்தீஃபாவை உள்ளே கொண்டுபோனார்கள். காசியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வழியில யாராண்ட கத்துன பாய்?"

"நீதானே வுடு வுடுன்னு உயிர எடுத்த."

"நான் வாயே தொறக்கல."

4:20. ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

ஐந்து மணிக்கு ஏசுதாஸ் வந்தான். சட்டையெல்லாம் உப்பு.

"இன்னா அண்ணாத்த, அப்பன் ஆயிட்ட, ஒரு பீடிகூட கெடையாதா?"

ஹமீது அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "மத்தியானம் நீ கை குடுக்கலன்னா அவ செத்திருப்பா."

"எங்க குடுத்தேன்? காலைலர்ந்து இங்க ஸ்டேஷன்ல மூட்ட எறக்கிகினு கீறேன். நீ ஆள் அனுப்புனதே இப்பத்தான் தெரியும்."

ஹமீது நடந்ததைச் சொன்னான். கேட்டுக்கொண்டே வந்த ஏசுதாஸ், வாசலில் நின்ற காரைப் பார்த்தான். பீடியைக் கேட்ட கை கீழே இறங்கிவிட்டது.

"கோதண்டராமன் வாங்குனது இந்த வண்டியா?"

"ஆமா."

"நாலு வருசத்துக்கு முன்ன இது திருப்போரூர்ல ஓடிச்சி. சின்னராசுன்னு ஒருத்தன் டிரைவரு. இதே பம்பு. அவன் இழுத்தான், நான் தட்டுனேன். என்ஜினுக்கு முட்டுக் குடுத்த ஜாக்கி நழுவி அவன் கை உள்ள மாட்டிகிச்சி. மூடி மறைச்சிகினு இருந்திச்சி, எனக்குத் தெரியல. வுடுன்னான். நான் அடிச்சேன்."

"வுடுன்னா அடிதானே?"

"அதான் நானும் நெனச்சேன். மூணு அடி. பம்பு மேல படும்னு பாத்தா, அவன் கை மேல. வுட்டுடு, வுட்டுடுன்னு கெஞ்சிகினு இருந்திருக்கான்."

ஏசுதாஸ் கட்டடத்தைக் கை காட்டினான்.

"இதே ஆஸ்பத்திரிதான். கைய மருந்துத் தண்ணியிலயே வெச்சிருந்தாங்க. எட்டாம் நாள் செத்துப் பூட்டான்."

காரை எடுத்துப்போகச் சொல்லி கோதண்டராமனுக்கு ஆள் அனுப்பினான் ஹமீது. ஏழாம் நாள் தாயையும் பிள்ளையையும் மாட்டு வண்டியில் ஏற்றினான். லத்தீஃபாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

பாதி வழியில் அவளே கேட்டாள்.

"இன்னாங்க... அன்னிக்கு காருல எம்பக்கத்துல குந்திகினு வந்தது யாரு?"

ஹமீது திரும்பிப் பார்த்தான்.

"வலி தாங்காம அவரு கையப் புடிச்சிகினேன். ஈரக் கை. வுடு வுடுன்னாரு பாவம். நான் வுடவேயில்ல."

"அப்புறம் எப்ப வுட்ட?"

லத்தீஃபா குனிந்து குழந்தையைப் பார்த்தாள். இடது கையால் குழந்தையை அணைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஏழு நாளும் அவள் இடது கையால்தான் சோறு தின்றாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வலது கை அவள் போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் இருந்தது. இறுக்கி மூடியபடி. அந்த இடத்தில் மட்டும் துணி நனைந்திருந்தது.