கிடா வெட்டிய பிறகு எடுத்த இரண்டாவது ஸ்கேன்

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, மலைக்கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போகமாட்டார்கள். போயே தீரவேண்டிய வீடுகளுக்காக எழுதுகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பத்திரண்டு வயதான என் அண்ணனை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு மூளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் போலத் தெரிகிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்து, எம்.ஆர்.ஐ. எடுத்துவந்து காட்டச் சொன்னார். எடுத்தோம். திரும்பும் பேருந்திலேயே ரிப்போர்ட்டைப் பிரித்தேன். கடைசி வரியில் ‘நார்மல்’ என்றிருந்தது. வீட்டில் காலேஜ் படித்தவன் நான் ஒருவன்தான். "ஒண்ணுமில்லண்ணே, மூளை சுத்தமா இருக்கு" என்றேன். டாக்டரிடம் காட்டவே இல்லை. குலசாமிக்குக் கிடா வெட்டி ஊருக்கே கறிச்சோறு போட்டோம்.

அன்றோடு அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். கிடா கொடுத்த பிறகும் மாத்திரை போட்டால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். கை நடுங்கினால் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். கால் இழுத்தால் முள் குத்தியது என்றார். வரப்பில் விழுந்து தோள் பிசகிய பிறகுதான் மறுபடி அதே டாக்டரிடம் இழுத்துப்போனேன். "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுங்களே" என்று அண்ணன் அவரிடமே வாதாடினார். சரி, வேறு வகை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

காலை 6.10க்குப் பேருந்து. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையம் வரை 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கோரிப்பாளையம் பக்கம் ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோ 150 ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சியாண்ணே? முருங்கக்கீரையத் தின்னுங்க, ஓடிப்போயிரும்" என்றார். மதுரையில் வைத்தியருக்கா பஞ்சம்!

8.45க்குக் கையில் மருந்து ஊசி. அது மூளையில் போய்ச் சேர நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு உள்ள மருந்து என்பதால் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் அன்று உட்காரக்கூடாது. எதிரே டீக்கடைக்குப் போனோம். "எனக்கு அரை கிளாஸ் போதும்" என்றார். இரண்டு வருடமாகச் சொல்வதுதான். சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். முழு கிளாஸ் என்றால் தளும்பிவிடும் என்பது அன்றுதான் உறைத்தது. எனக்குக் கண்ணா இல்லை, அறிவா இல்லை?

12.50க்கு உள்ளே போனார். தலையைப் பட்டையால் கட்டி, நாற்பது நிமிடம் அசையாமல் படுக்கவேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு, ஸ்கேன் எழுதிக்கொடுத்த அதே டாக்டர் படத்தைக் காட்டினார். "எம்.ஆர்.ஐ. வீட்டை வெளியே இருந்து போட்டோ எடுக்கிற மாதிரி. வேற கட்டி, அடைப்பு இல்லன்னுதான் அதுல சொன்னாங்க. உள்ளே விளக்கு எரியுதான்னு இதுலதான் தெரியும்." ஆரோக்கியமான மூளையில் இரண்டு பக்கமும் கமா போல ஒளி தெரியுமாம். அண்ணனுக்கு வலப்பக்கத்தில் வால் தேய்ந்திருந்தது. வலது கையை ஆளும் இடப்பக்கத்தில் ஒரு புள்ளிதான் மிச்சம்.

"மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தான் சார், மறந்துட்டேன்."

"மாத்திரை நோயை நிறுத்தாது. ஆனா இந்த ரெண்டு வருஷம் ஒழுங்கா நடந்திருப்பீங்க, விழுந்திருக்கமாட்டீங்க."



திரும்பும் பேருந்தில் அண்ணன் மாத்திரைச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டார். "ஊர்ல சர்க்கரை மாத்திரைன்னு சொல்லிக்கிறேன். கறி தின்னுட்டுப் போனவககிட்ட வேற என்னத்தச் சொல்ல?" கொஞ்ச நேரம் கழித்து ரிப்போர்ட் உறையை என்னிடம் நீட்டினார். "எம்புட்டு முத்திருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி. டாக்டர் சொன்னது வெளங்கல. நீ சொன்னாத்தான் எனக்கு வெளங்கும்."

என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: முழு நாளை ஒதுக்குங்கள். பழைய மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், சில மாத்திரைகளை முன்பே நிறுத்தச் சொல்வார்கள். காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேராக டாக்டரிடம் போங்கள், பேருந்தில் பிரிக்காதீர்கள். வீட்டில் உங்கள் பேச்சை அப்படியே நம்புகிற ஒருவர் இருந்தால், கண்டிப்பாகப் பிரிக்காதீர்கள்.