பாட்டில் விடுபட்டவள்

இலஞ்சி பார்வதியம்மாளுக்கு வலது கால் குட்டை. கல்யாணம் ஆகவில்லை. அரிசி ஆலையில் நெல் அவித்துக் காயப்போட்டுத்தான் தம்பி தங்கசாமியை ஆளாக்கினாள். ஆனால் சொந்தத்தில் எங்கே கல்யாணம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். சாப்பாட்டுக்கு அல்ல, நலுங்குப் பாட்டுக்கு.

நலுங்கு வைக்கும்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை ஒருவர் விடாமல் கேலி செய்து பாடுவார்கள். மாமியாரின் மூக்கு, சித்தப்பாவின் தொப்பை, எதுவும் தப்பாது. பாட்டில் வந்துவிட்டால் அவள் உறவு. வராதவள் வேடிக்கை பார்க்க வந்தவள். தாலி இல்லை, பிள்ளை இல்லை. பார்வதியம்மாளுக்கு இந்த இடம் ஒன்றுதான் இருந்தது.

1956இல் தங்கசாமிக்குத் தென்காசியில் பெண் எடுத்தார்கள். பெண் டீச்சர். நலுங்கில் பார்வதியம்மாளின் முறை வந்தது.

"மாப்பிள்ளைக்கு அக்கா வாரா, மணிக்கணக்கா நடந்து வாரா,
தாலி கட்ட வரச் சொன்னா, தொட்டில் கட்ட வந்து சேர்ந்தா!"

பார்வதியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்து, பதில் பாட்டுக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் மணப்பெண் பலகையை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஒருத்தங்க காலைச் சொல்லிச் சிரிக்கீங்களே, வெக்கமா இல்ல? மைனி மனசு என்ன பாடுபடும்?"

பாடியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மைனியின் மனசை மைனியிடம் யாரும் கேட்கவில்லை. புதுப்பெண் பாசமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டபோது அவளும் என்னத்தைச் சொல்வாள்?

அதோடு சரி. சங்கதி சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் எட்டிவிட்டது. எந்தக் கல்யாணத்திலும் பாட்டு அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விடும். மரியாதையாக நாற்காலி மட்டும் போட்டார்கள். பாழாய்ப்போன நாற்காலி! டீச்சரோ தங்கமானவள், மைனிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுப் பக்கத்தில் இருப்பாள். என்னைக் கேலி பண்ணச் சொல்லு என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது?

1965இல் பெரியப்பா பேரனுக்குச் செங்கோட்டையில் கல்யாணம். அங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்று பார்வதியம்மாளுக்கு ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் காலை நீட்டியே உட்கார்ந்தாள். பாட்டுக்காரி முப்பிடாதி வரிசையாக வந்தாள். இடப்பக்கத்துக்காரியின் பல்லைப் பாடினாள். அடுத்து வலப்பக்கத்துக்காரியின் கொண்டைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் குடிக்கக் கொல்லைக்கு வந்த முப்பிடாதியைப் பார்வதியம்மாள் மறித்தாள்.

"ஏட்டி, என்னைய மட்டும் ஏன் விட்ட?"

"டீச்சர் முன்னாலயே சொல்லிட்டாவ ஆச்சி. ஒங்க மனசு நோவுமாம்."

"இப்பத்தான் தாயீ நோவுது. ஒரே ஒரு தடவ பாடு. ஒம்பது வருசமாச்சு."

முப்பிடாதி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, காதோரம் குனிந்து பாடினாள். காலைத்தான் பாடினாள். நன்றாகவே கட்டியிருந்தாள்.

"சத்தமாப் பாடுட்டி. உள்ள இருக்கவங்களும் கேட்டுச் சிரிக்கட்டும்."

"ஐயோ, டீச்சர் வந்துருவாவ ஆச்சி."

முப்பிடாதி பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். பார்வதியம்மாள் தனியாகச் சிரித்துப் பார்த்தாள். வரவில்லை.