கரிப்பொடியும் ராமுத்தாய் அக்காவும்

ராமுத்தாய் அக்கா இறந்த செய்தி வந்தபோது, நான் தேனி பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய மனுவுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் காமாட்சிதான் பேசினாள். "அம்மா போயிட்டாக சார். தோட்டத்துக்குக் கிளம்புனாக, வாசல்லயே உக்காந்துட்டாக." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். இன்னும் ஒரே ஓர் அதிகாரியின் கையெழுத்துதான் பாக்கி என்று அன்று காலைதான் அலுவலகத்தில் என்னிடம் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார். ஊரில் வந்த ஆலையின் புகைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதினால் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார்.

காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அக்காவுக்குத் திராட்சைத் தோட்டம். நான் ஊராட்சிச் செயலராக இருந்தேன். தோட்டத்தை ஒட்டிய தரிசில் ஓர் ஆலை வந்தது. பழைய டயர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து, பெரிய இரும்பு உருளையில் போட்டுக் காய்ச்சி, கறுப்பு எண்ணெய் எடுத்தார்கள். மிஞ்சிய கரிப்பொடியை வெளியே மலைபோலக் குவித்தார்கள். காகிதத்தில் மட்டும் அதற்கு 'ரப்பர் மறுசுழற்சிக் கூடம்' என்று பெயர்.

ஒருநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்து, என் மேசைமேல் ஒரு திராட்சைக் குலையை வைத்தார். துடைத்துப் பார்க்கச் சொன்னார். என் கைக்குட்டை கறுத்துப்போனது. கம்பம் வியாபாரி அந்த வாரத்துப் பழம் முழுவதையும் திருப்பி அனுப்பியிருந்தார். நான் மேலே எழுதுவதாகச் சொன்னேன். எழுதவும் செய்தேன். பல மாதம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். வருவதை முன்கூட்டியே ஆலைக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்று அடுப்பு எரியவில்லை, முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். தோட்டத்தைப் பார்த்த ஓர் அதிகாரி, "இது கறுப்புத் திராட்சைதானேம்மா" என்றார்.

அக்கா கோபப்படவில்லை. ஒரு குலையைப் பறித்து அவர் கையில் கொடுத்தார். "கறுப்புத்தான் சார். கழுவாம அப்படியே சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. கீழே போடவும் முடியாமல் ஜீப் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். அறிக்கையில் குறை ஏதும் இல்லை என்று எழுதினார்.

அந்த மழைக்காலத்தில் கரிக்குவியல் கரைந்து ஓடைக்கு வந்தது. ஓடையிலிருந்து அக்காவின் கிணற்றுக்கு. தண்ணீர்மேல் எண்ணெய் வானவில் நிறத்தில் மிதந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு தேனியில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். பொதுமக்கள் கொண்டுவரும் தண்ணீரைச் சோதிக்க முடியாது, நாங்களே வந்துதான் எடுப்போம் என்றார்களாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு, அதற்குத் தனியாக மனு கொடுக்கச் சொன்னார்களாம். இதை அவர் எங்களிடம் சொன்னபோது டீக்கடையில் இருந்த சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆலைக்கு அனுமதி கிடைத்த கதையைத் தேடி, தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டார். வந்த தாள்களில் எங்கள் ஊராட்சியின் 'ஆட்சேபணை இல்லை' என்ற தீர்மானமும் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

"தம்பி, இது நீங்க எழுதுனதா?"

"ஆமாக்கா."

"படிச்சுப் பாத்து எழுதுனீகளா?"

ஊராட்சித் தலைவர் நீட்டிய மாதிரித் தாளைப் பார்த்து அப்படியே எழுதியது அது. டயர் என்ற சொல்லே அதில் இல்லை. எந்தத் தொழில், என்ன கழிவு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இல்லக்கா" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தாளை மடித்தார். "இனிமே எனக்கு எழுதுங்க. படிச்சுட்டு எழுதுங்க."

அதன்பின் அவருடைய எல்லா மனுக்களையும் நான்தான் எழுதினேன். அது சுலபமான வேலை இல்லை. 'பெரும் பாதிப்பு' என்று எழுதினால் அடிக்கச் சொல்வார். எந்தக் கொடி, எந்தக் கிணறு, எத்தனை நாளாய் என்று எழுதச் சொல்வார். எனக்குச் சலிப்பு வரும். ஆலையில் வேலைக்குப் போனவர்கள் அவரிடம் பேச்சை நிறுத்தினார்கள். மற்றவர்கள், இந்தம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்றார்கள். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, உங்களில் சிலரும் சொன்னீர்கள்.

கிராமசபையில் அந்தப் பழைய தீர்மானத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். படிக்காமல் எழுதினேன் என்றும் சொன்னேன். கூட்டத்தில் நெடுநேரம் சத்தம். கடைசியில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. பிறகு ஆலையை நிறுத்த உத்தரவு வந்தது. எல்லாரும் அக்காவுக்குச் சால்வை போட வந்தார்கள். "கரி அங்கனயேதான கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கரி இன்றும் கிடக்கிறது. நிலம் வருவாய்த்துறைக்கு, கழிவு இன்னொரு துறைக்கு, ஓடை வேறொரு துறைக்கு. மூவரும் மற்ற இருவரைக் கை காட்டுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரை இன்னும் யாரும் வந்து எடுக்கவில்லை. இறுதிச் சடங்கன்று தெருமுனையில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அக்காவின் படம். 'ஆன்மா அமைதி அடையட்டும்.' கீழே, மூடிக்கிடக்கும் ஆலை முதலாளியின் பெயர். காமாட்சி அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றினோம்.

பெரியவர்கள் போனால் அன்பையும் பொறுமையையும் விட்டுச்சென்றார்கள் என்று எழுதுவது வழக்கம். அக்கா எனக்குப் பொறுமையைக் கற்றுத்தரவில்லை. அவர் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது தணிந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் ஒரே கவலை. கரியை அள்ளச் சொல்லும் மனுவில் அவர் பெயர் இருந்த இடத்தில் காமாட்சியின் பெயரை எழுதியிருக்கிறேன், அதன் கீழே என் பெயரை. திங்கட்கிழமை இருவரும் தேனிக்குப் போகிறோம். மூன்றாவது கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். சால்வையோடு வந்தவர்கள் பேனாவோடும் வரலாம்.