கிடைத்துவிட்டாள், பரப்பாதீர்கள்

ஹபீபுன்னிசா அக்காவின் மகள் காணாமல் போயிருந்தது ஒன்றரை மணி நேரம். அவளை ஊர் தேடிக்கொண்டிருப்பதோ எட்டு வருடமாக.

கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. ஒரே மாலையில் ஆறு அழைப்புகள் வந்து, ஆறு பேரிடமும் அவர் "கிடைச்சிட்டா, அன்னைக்கே கிடைச்சிட்டா, அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே குரலில் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஷார்ஜாவில் முவைலாவில் எங்கள் கட்டடம். அக்கா வீடு இரண்டாம் மாடி. கீழக்கரைக்காரர்கள், கணவர் மூசா அத்தர்க் கடை வைத்திருக்கிறார். நான் தயாபரன், யாழ்ப்பாணம், ஐந்தாம் மாடி. ஒரு காப்புறுதிக் கம்பனியில் மற்றவர்களின் புகார்களுக்குப் பணிவாகப் பதில் எழுதுவது என் வேலை. அதோடு யாரும் கேட்காமலே தலையில் விழுந்த இன்னொரு வேலையும் உண்டு. முவைலாத் தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். நானூறு பேர் இருக்கிறார்கள், அதில் முந்நூறு பேர் காலை வணக்கம் அனுப்புவதற்கென்றே பிறந்தவர்கள்.

2017இல் மகள் ஹஃபீஸாவுக்கு ஐந்து வயது. பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய், அந்த வீட்டில் கார்ட்டூன் பார்த்தபடியே தூங்கிவிட்டாள். அந்த வீட்டு அம்மாவும் தூங்கிவிட்டார். அதற்குள் மூசாவின் கடையில் வேலை பார்த்த ஒருவர் பிள்ளையின் சீருடைப் படத்தைப் போட்டு ஒரு செய்தி தட்டினார். 'அவசரம். காணவில்லை. முவைலாவில் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் குழந்தை வீடு வந்து சேரவில்லை. கண்டவர்கள் உடனே அழைக்கவும்.' கீழே அக்காவின் எண். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். தேதி போடவில்லை. பதறுகிற நேரத்தில் தேதியை யார் நினைக்கிறார்கள்?

பிள்ளை கிடைத்துவிட்டாள். செய்தி கிடைக்கவில்லை, அது போய்விட்டது. முவைலா என்ற சொல்லை யாரோ அஜ்மான் ஆக்கினார், இன்னொருவர் தோஹா ஆக்கினார். ஒரு வருடம் அது பஹ்ரைனில் ஈசா டவுன் வரை போய், 'குழந்தை பெற்றோரிடம் சேரும்வரை பகிருங்கள்' என்ற வாலோடு திரும்பி வந்தது. நோன்பு மாதம் வந்தால் அழைப்புகள் கூடும். மஸ்கட்டிலிருந்து ஒரு பெண்மணி வருடம் தவறாமல் அழைத்து, பிள்ளைக்காக இறைவனிடம் துஆ கேட்டதாகச் சொல்லி அழுவார். கிடைத்துவிட்டாள் என்று அக்கா வருடம் தவறாமல் சொல்வார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது!

"நம்பரை மாத்திடுங்கோவன் அக்கா" என்றேன் ஒருமுறை.

"பேங்க்ல இந்த நம்பர், ஸ்கூல்ல இந்த நம்பர், ஐடில இந்த நம்பர். என் பேரை மாத்துறது லேசு தம்பி."

எனக்குக் கோபம் எதில் என்றால், இந்த நாட்டில் பனிமூட்டம் வந்தால் என் கைபேசி அலறுகிறது. கனமழை வந்தால் அலறுகிறது. மேசையில் கிடக்கும் எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறும்; மழை விட்டதும் அதுவும் அடங்கும். ஒரு பிள்ளை காணாமல் போனதற்கு அப்படி அலறி நான் கேட்டதில்லை. பிள்ளைக்கு வாட்ஸ்அப்தான், அதை அணைக்கவும் ஆளில்லை. இதையெல்லாம் அக்காவுக்காக ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதி, சரியான இடம் என்று நாங்கள் நினைத்த ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரே இடத்திலிருந்து அறிவிப்பு வரட்டும், ஒரே எண் இருக்கட்டும், கிடைத்ததும் அதே இடத்திலிருந்து முடிந்தது என்றும் வரட்டும், அதைச் சட்டமாகவே போடுங்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. நானே நாள்தோறும் எழுதும் வாசகம்தான், எனக்கு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்?

சட்டம் வராவிட்டால் போகட்டும் என்று அக்காவுக்கு நானே ஒரு வழி செய்து கொடுத்தேன். 'இது 2017ஆம் ஆண்டுச் செய்தி. குழந்தை அன்றே கிடைத்துவிட்டாள். தயவுசெய்து பரப்பாதீர்கள்.' அவர் கைபேசியில் 'கி' என்று ஒரு எழுத்தைத் தட்டினாலே இந்த மூன்று வரியும் வந்து விழும். அக்கா மகிழ்ந்துபோய் எனக்கு ஊர் இனிப்பான தொதல் ஒரு டப்பா கொடுத்தார். கெட்டிக்காரன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. வெயில் நாற்பத்து நான்கு. அலுவலகத்தில் இருந்தேன். இரண்டு ஐம்பதுக்குக் குழுவில் ஒரு பதிவு விழுந்தது. அவசரம், காணவில்லை, முவைலாவில் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் குழந்தை. கூடவே சீருடையில் ஒரு படம். அடுத்த நிமிடமே அக்காவின் மூன்று வரி அதன் கீழே வந்துவிட்டது. புரளி பரப்பினால் குற்றம் என்ற பயம் எல்லா அட்மின்களுக்கும் உண்டு. பதிவை அழித்தேன். 'பழைய செய்தி. பார்த்து அனுப்புங்கள்' என்று ஒரு அதட்டலும் போட்டேன். சிலர் கட்டைவிரல் தூக்கினார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் யாருமில்லை. நானும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை ஹஃபீஸா இல்லை. எங்கள் மூன்றாம் மாடி ராமையாவின் மகள், ஆறு வயது தர்மிகா.

ராமையா ஹட்டன் பக்கத்துக்காரர், ஒரு அலுவலகத்தில் டிரைவர். மனைவி டியூட்டியில் இருந்தார். பஸ் போய்விட்டது, பிள்ளை வரவில்லை. போலீஸுக்குச் சொன்னார், அவர்கள் உடனே வந்து கேமராக்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். தன் பங்குக்கு ஒரு செய்தியும் போட நினைத்தார். அந்த நேரத்தில் என்ன எழுதுவது? அவர் கைபேசியில் ஹஃபீஸாவைத் தேடிய அந்தப் பழைய செய்தி இருந்தது. அதை நகலெடுத்து, தன் மகளின் படத்தை வைத்து எங்கள் குழுவுக்கும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அனுப்பினார். கீழே இருந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டார்.

ஆகவே அழைப்புகள் அக்காவுக்கு வந்தன. மூன்று மணியிலிருந்து ஏழு அழைப்புகள். அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே ஏழு பேருக்கும் வழக்கமான பதிலைச் சொன்னார்.

ராமையா கட்டட வாசலில் கைபேசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது அடிக்கவே இல்லை. நானூறு பேரில் ஒருவருக்குக்கூட மனமில்லையா என்று நினைத்தாராம். மூன்றே முக்காலுக்குக் குழுவைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தவர், கிடைத்துவிட்டாள் என்ற வரி மட்டும் கண்ணில் பட, படியேறி ஓடிவந்து அக்காவின் கதவைத் தட்டினார்.

"எம்புள்ள கெடைச்சிருச்சுன்னு போட்டிருக்கீங்களே அக்கா. எங்கக்கா இருக்கா? யாரு வச்சிருக்காங்க?"

இதை அக்கா பிறகு என்னிடம் சொன்னார். ராமையாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் இருந்ததாம். மகளைக் கூட்டிப்போக வந்தவர் மாதிரி நின்றாராம்.

அக்கா எனக்கு அழைத்தபோது அழுகை மட்டுமே கேட்டது. விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அக்கா, அழாதேங்கோ. கூப்பிட்ட ஆக்களின்ர நம்பர் போனில கிடக்குதானே. ஒவ்வொண்டா எடுங்கோ, இப்பவே!"

எடுத்தார். முதல் மூவரும் வெறுமனே விசாரித்தவர்கள். நான்காவது எண் பள்ளிச் சாலையில் ஒரு லாண்டரியில் வேலை செய்யும் பட்டாணியர். "பாஜி, பச்சி இதர் ஹை" என்று அப்போது சொன்னவர் அவர்தான். அக்கா, பிள்ளை இங்கே இருக்கிறாள் என்று. அக்கா அவருக்குச் சொன்ன பதில்: "மில் கயா பாய், கலாஸ்." கிடைத்துவிட்டாள், முடிந்தது. தேடுகிற பிள்ளை கிடைத்துவிட்டாள் என்றால் இவள் வேறு யாருடைய பிள்ளையோ என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் கடைக்குள் உட்கார வைத்தாராம். துணியை இஸ்திரி போட்டு நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை.

"நீங்கதானே கிடைச்சாச்சுன்னு சொன்னீங்க பாஜி" என்று அவர் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை என்ன குற்றம் சொல்ல?

அக்கா அந்தக் கடையைப் பற்றிப் போலீஸுக்குச் சொன்னார். அதை வைத்து அவர்கள் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிவாசலின் வெளிச்சுவரில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதன் கீழே, காலில் சப்பாத்து நனைய, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தர்மிகா உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருப்பதால் தவறான வாசலில் இறங்கி, நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். முகம் நெருப்பாகச் சிவந்து, வாந்தி எடுத்து, ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிழைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச காணாமப்போன மெசேஜ் அது ஒண்ணுதாங்க" என்றார் ராமையா என்னிடம். அவர் அதைச் சொல்லி மன்னிப்பு வேறு கேட்டார். நான் அழித்த பதிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

புலி வருது கதையில் கூவியவன் பொய்யன். எங்கள் கதையில் யார் பொய்யர்? முதல் செய்தியைப் போட்ட அத்தர்க் கடை ஆள் உண்மையைச் சொன்னார், அக்கா உண்மையைச் சொன்னார், ராமையா உண்மையைச் சொன்னார். இத்தனை உண்மையும் சேர்ந்து ஒரு பிள்ளையை வெயிலில் உட்கார வைத்ததே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இப்போது இரட்டை ஜடை போட்ட தர்மிகாவின் படமும் அக்காவின் எண்ணோடு சுற்றுகிறது. எங்கள் 'கிடைத்துவிட்டாள்' பதிலும் தனியாகச் சுற்றுகிறது, எந்தப் பிள்ளையின் படத்தின் கீழும் யாரும் அதை ஒட்டலாம். குழுவில் நான் நாலு முறை விளக்கம் எழுதிவிட்டேன். அதற்கும் கட்டைவிரல் தூக்குகிறார்கள்.

போன வாரம் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். "அந்த 'கி'யை எடுத்து விட்ருங்க தம்பி. எனக்கு எடுக்கத் தெரியல." எதிரில் ஹஃபீஸா, இப்போது பதின்மூன்று வயது, சோபாவில் கால் நீட்டிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கைபேசியை வாங்கி 'கி'யைத் தேடும்போதே அழைப்பு வந்தது. பஹ்ரைன் எண். அக்கா பறித்துக்கொண்டார்.

"சொல்லுங்க வாப்பா. புள்ளை இப்ப உங்க பக்கத்துல நிக்கிதா? இல்லையா? படத்துலதான் பார்த்தீங்களா? ஒத்தை ஜடையா, ரெட்டை ஜடையா?"

மறுமுனையில் ஒற்றை ஜடை என்றிருக்க வேண்டும். ஹஃபீஸா தலை நிமிராமல், "உம்மா, தட்ஸ் மீ. டெல் ஹிம் ஐ'ம் ஹியர்" என்றாள்.

அக்கா அவளைக் கையமர்த்தினார்.

"போனை வச்சிராதீங்க வாப்பா. செத்த வெளியில வந்து எட்டிப் பாருங்க. அங்க எந்தப் புள்ளையாவது தனியா நிக்கிதான்னு பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இக்கிறேன்."