பிரேக்குக்கு அடியில் ஒரு கை

சொந்தக் காரையே பந்தயத்தில் ஓட்டலாம், ஒவ்வொருவராக வளைந்து வளைந்து ஓட்டி, குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிப்பார் என்று மதராஸில் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சென்ற மாசியில், திண்டிவனம் பக்கம் மழையில்லாமல் வறண்டு கிடந்த ஏரிக்குள் காலி மண்ணெண்ணெய் டின்களை வைத்துப் பழகப் போனேன். கண் படக்கூடாதென்று என் மனைவி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாள்.

பனி விலகாத காலை. கடைசி டின்னை வேகமாக வளைத்தபோது எதிரே சுவரில்லாத பாழுங்கிணறு! பிரேக்கை மிதித்தேன், இறங்கவில்லை. கீழிருந்து யாரோ உள்ளங்கையால் என் காலைத் தாங்குவது போலிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் கிணற்றை ஒட்டிச் சுழன்று நின்றது.

நேரம் பார்க்க வந்திருந்த கோட்டக்குப்பம் நண்பர் காசிம் ஓடி வந்தார்.

“ஜல்தி எறங்குங்க! பிரேக் போடாம என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

“போட்டேங்க. யாரோ கால புடிச்சிக்கினாங்க.”

அவர் குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வளைவில் உருண்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நான் அத்தனை மிதித்தும் அது நசுங்கவே இல்லை.

இப்போது காருக்குள் பழம் வைக்க விடுவதில்லை. கிளப்புமுன் பெடலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறேன். அங்கே இன்னொரு கை தட்டுப்படுமோ என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.