பிரேக்கில் இருந்த கால்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு நட்டமில்லை. நான் சதாசிவம். ஊர் மலேசியாவில் சிம்பாங் ரெங்கம். வயது எழுபத்தொன்று. படிப்பு தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. கதை கட்டத் தெரியாது. ஒர்க்ஷாப்காரனை நம்ப மாட்டேன், வண்டித் தரகனை நம்ப மாட்டேன். பேயை மட்டும் நம்பிவிடுவேனா? கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். நேரம் குறித்து எழுதுகிறேன்.

போன வருடம் தரகன் மூலம் ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். ஆட்டோ கியர். வாழைக்குலை ஏற்றிக் குளுவாங் சந்தைக்குப் போய் வர. என் மகன் ஜீவன் ஜொகூர் பாருவில் பதினேழாவது மாடியில் இருக்கிறான். "வண்டி படுத்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா. அப்புறம் பேச்சே கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தான். பதினேழாவது மாடியில் எனக்கு என்ன வேலை? துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ஆக, வண்டி படுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டாம் மாதமே கியர் உதறத் தொடங்கியது. கியர் எண்ணெய் மாற்ற வேண்டும். ஒர்க்ஷாப்பில் விட்டால் வடிக்காமலே வடித்துவிட்டேன் என்பான். நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி. வண்டியைப் பின்பக்கமாகப் போர்ச்சில் ஏற்றினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். நாலு சக்கரமும் அந்தரத்தில். அட்டையை விரித்துக் கீழே படுத்தேன். நட்டைக் கழற்றியதும் எண்ணெய் பேசினில் விழுந்தது. புது எண்ணெய் குங்குமம் போல இருக்கும். இது தார் மாதிரி இருந்தது. போத்தலில் ஊற்றி அளந்தேன். நாலு லிட்டர். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். கைப்பம்பால் நாலு லிட்டர் ஏற்றி முடிக்கும்போது ஏழு மணி.

அடுத்த வேலைக்கு மேலே ஓர் ஆள் வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் உள்ளே பரவும். பிரேக்கை மிதிக்காமல் 'பி'யிலிருந்து கியர் அசையாது. வண்டியின் அமைப்பே அப்படி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏறி உக்காரு" என்றேன் என் மனைவி புஷ்பவள்ளியிடம்.

"எனக்கு வேற வேலை இல்லையா? கொசு பிடுங்குதுலா. ஒர்க்ஷாப்ல விட்டா உங்க கிரீடம் கீழ விழுந்துடுமா?"

"ஏறுன்னா ஏறு. நான் கீழ இருந்து சொல்லச் சொல்ல மாத்து. பிரேக்கை மட்டும் விடாதே."

திட்டிக்கொண்டே ஏறினாள். நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள்.

7.05. இன்ஜினை ஓடவிட்டேன். 'பி'யிலேயே பத்து நிமிடம் சூடேறட்டும் என்றுவிட்டுக் கீழே போனேன். முகத்தைக் கியர்பெட்டிப் பக்கம் திருப்பிப் படுத்தேன்.

ஒரு விஷயத்தை அன்றைக்கு மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் சாமி விளக்கு ஏற்றக் கடிகாரம் பார்ப்பதில்லை. பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலான சூராவில் அந்தி நேர மஃரிப் பாங்கு சொன்னால் விளக்கு ஏற வேண்டும். வானமே இடிந்தாலும் புஷ்பவள்ளி அந்த நேரத்தைத் தவறவிட மாட்டாள்.

7.14. பாங்கு கேட்டது. தலைக்கு மேலே வண்டிக்கதவு 'தப்' என்று சாத்தப்பட்டது. கொசுவுக்காகச் சாத்துகிறாள் என்று நினைத்தேன்.

7.16.

"ரிவர்ஸ் போடு!" என்று கத்தினேன்.

பின்சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்தது. டக்... கியர் மாறியது. இன்ஜின் சத்தம் இறங்கியது.

"போட்டிட்டன்."

மெதுவான குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. சிலோன்காரர் மாதிரி பேசிக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பத்து எண்ணினேன்.

"நியூட்ரல்!"

டக். "போட்டிட்டன்."

"டி!"

டக். "போட்டிட்டன்."

கியர் வெண்ணெய் போல விழுந்தது. இன்னொரு சுற்று சொன்னேன். சொன்னபடி செய்தாள். முணுமுணுப்பு இல்லை. ஏச்சு இல்லை. கொசு என்றுகூட ஒரு வார்த்தை இல்லை...

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்பத்தாறு வருடத்தில் புஷ்பவள்ளி எனக்கு இப்படி அடங்கியதே கிடையாது.

7.27. கடைசியாக 'டி'யில் இருந்தது.

"போதும். பி போடு!"

சத்தமில்லை.

"ஏய், பி போடுடி!"

ஒன்றுமில்லை. சுவரில் சிவப்பு அப்படியே இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மணிச்சத்தம். கிண்... கிண்... கிண்... சாமி அறை மணி. கற்பூர வாசம் வந்தது. வாசற்படியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மெட்டி போட்ட கால்கள்.

"இன்னும் முடியலையா? காப்பி கலக்கட்டுமா?"

புஷ்பவள்ளி.

வாசலில் நிற்கிறாள்.

என் தலைக்கு மேலே... பிரேக் விளக்கு எரிகிறது.

வெளியே ஊர்ந்தேன். முழங்கை தேய்ந்தது. எழுந்து கதவைத் திறந்தேன்.

சீட்டில் ஆளில்லை.

கியர் 'டி'யில்.

பிரேக் மிதி...

அடிவரைக்கும் அமுங்கி இருந்தது.

எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதைவிடக் கோபம் அதிகம் வந்தது.

"காலை எடு" என்றேன். "இது என் வண்டி."

மிதி மேலே வந்தது. மெதுவாக. யாரோ தயங்கித் தயங்கிக் காலை எடுப்பதுபோல. சுவரில் சிவப்பு அணைந்தது. பின்சக்கரங்கள் சுழன்றன. ஸ்டாண்டு மேல் வண்டி நடுங்கியது. எட்டிச் சாவியைத் திருகினேன்.

7.31.

"நான் பாங்கு கேட்டதுமே இறங்கிட்டேன்லா" என்றாள் புஷ்பவள்ளி. முகம் வெளுத்துவிட்டது. "விளக்கேத்திட்டு வரேன்னு கத்திச் சொன்னேனே. உங்களுக்குக் கேக்கலையா?"

பாங்கும் இன்ஜினும் சேர்ந்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அன்றிரவே மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். "நல்லதாப் போச்சு. வண்டியைத் தள்ளி விட்டுட்டுக் கிளம்பி வாங்கப்பா" என்றான். பேய்க்கும் பதினேழாவது மாடிக்கும் பயந்து நான் வண்டியை விடுவதா? விற்றவன்தான் எதையோ மறைத்திருக்கிறான். அவன் சட்டையைப் பிடிப்பது என்று தீர்மானித்தேன்.

வண்டிப் பதிவுப் பத்திரமான பழைய கிராண்டின் நகலில் முந்திய சொந்தக்காரர் பெயர் இருந்தது. சிவசம்பு. மெர்சிங். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். கியர் ஒரு இடத்தில்கூட உதறவில்லை.

சிலோன்காரர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட வயது கூட. வாசல் கேட்டருகே வண்டியைக் கண்டதும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்சிடென்ட் வண்டியா இது? உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

"இல்லை. ஒரு கீறல்கூட இல்லை."

"அப்ப சீட்டுல யாரு?"

அவர் கம்பி வழியே டிரைவர் சீட்டைப் பார்த்தார். பிறகு, "கியர் எண்ணெய் மாத்தினீங்களோ?" என்று கேட்டார்.

நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நானும் வீட்டிலதான் மாத்துறனான். தவமணிதான் மேல இருப்பா. என்ர மனுசி. நான் கீழ கிடந்து சொல்லச் சொல்ல மாத்துவா. அண்டைக்கும் எல்லாம் போட்டவ. பி மட்டும் போடேல்லை. ஏறிப் பாத்தா... கால் பிரேக்கில. உடம்பு சில்லிட்டுப் போச்சுது."

"அப்ப மணி என்ன?" என்று கேட்டேன்.

"பாங்கு கேட்டதும், 'விளக்கேத்த வேணும், இறங்கட்டோ' எண்டு கேட்டவ. 'இதை முடிச்சிட்டுப் போ' எண்டு கத்தினன். சரியெண்டு இருந்திட்டா."

கேட்டின் கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் வந்து பாத்தவர். பாங்குக்கு அரை மணித்தியாலம் முந்தியே உயிர் போயிட்டுதாம். அப்ப விளக்கேத்த வேணும் எண்டு கேட்டது ஆர்?"

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

வண்டியை நான் விற்கவில்லை. சிம்பாங் ரெங்கத்தை விட்டுப் போகவும் இல்லை. வாழைக்குலை ஏற்றுகிறேன், சந்தைக்குப் போகிறேன். வரும் மாதம் மறுபடி கியர் எண்ணெய் மாற்ற வேண்டும். புஷ்பவள்ளி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏற வேண்டாம். நான் கீழே போய்ப் படுப்பேன். ரிவர்ஸ் என்று கத்துவேன்.

ஆனால் பாங்குக்கு முன்னாலேயே முடித்துவிடுவேன். விளக்கேற்றுகிற நேரத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து வைக்க மாட்டேன்.