ஷேர் ஆட்டோவில் கேட்ட மெட்டல்

இன்று டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். காதில் புது சிம்போனிக் மெட்டல் ஆல்பம். கிட்டார்களுக்கு மேல் சர்ச்சே எழுந்து பாடுவது போல் கூட்டுக்குரல், அதற்கும் மேலே ஒரு பெண் குரல்.

சத்தம் வெளியே கசிந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். காயத்ரி. கல்லூரியில் எங்கள் பேண்டில் பாட வந்தவள்; வங்காள வழக்கப்படி என்னை 'தா', அதாவது அண்ணா, என்பாள்.

"ஸ்ரீதர்-தா, இது மெட்டலா?"

"ஆமா."

"பொண்ணு குரல் மெட்டலுக்கு எடுபடாது, போய் ரவீந்திர சங்கீதம் பாடுன்னீங்களே."

ஒரு பக்க இயர்போனைக் கழற்றிக் கொடுத்தேன். இறங்கும் வரை கண்ணை மூடிக் கேட்டாள்.

"இப்பவும் பாடறியா?"

"எங்க. விட்டுட்டேன்."

அன்று அவளுக்குப் பதிலாகப் பாடியவன் நான்தான். அதைக் கேட்டவர்கள் தயவுசெய்து பின்னூட்டத்தில் உண்மையைச் சொல்லாதீர்கள்.